ஓட்டு வீட்டுக் கூரைக்கு எஸ்டிமேட் போடுவது எப்படி? ஒரு செட்டிநாட்டு வீட்டுக் கணக்கு

[திரையில்: மேலிருந்து ஒரு செட்டிநாட்டு வீடு. அடுக்கடுக்கான ஓட்டுக் கூரைகள், நடுவில் வளவு வாசல், அதாவது திறந்த முற்றம்.]

வணக்கம். மேஸ்திரி தெருவில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்க்கிறார். "சதுர அடிக்கு முந்நூறு ஆகும்ணே" என்கிறார். நாமும் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் சதுர அடியை அதோடு பெருக்கி, இவ்வளவுதான் செலவு என்று முடிவு செய்துகொள்கிறோம். வேலை பாதிக்கு வந்ததும் தொகை ஏறுகிறது, சண்டை வருகிறது. மேஸ்திரி ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. அவர் சொன்னது கூரையின் சதுர அடி, நாம் பெருக்கியது தரையின் சதுர அடி.

இந்த வீடியோவில் ஓட்டுக் கூரைக்கு மட்டும் கணக்கு பார்க்கலாம். வெளியூரிலிருந்து இங்கே வீடு வாங்கியவர்கள் "ஆத்தங்குடி ஓடு போடலாமா" என்று கேட்பதுண்டு. அது தரைக்குப் போடும் கல், கூரைக்கு அல்ல. இன்றைய விலை என்ன என்பதையும் நான் சொல்லப்போவதில்லை, அது மாதத்துக்கு மாதம் மாறும். அளவு சரியாக இருந்தால் விலையைப் பத்து நிமிடத்தில் போனிலேயே விசாரித்து எழுதிவிடலாம். கணக்கில் எங்காவது ஒரு விலை சொன்னால் அது உதாரணத்துக்கு மட்டும்.

[திரையில்: இருபக்கச் சாய்வுக் கூரையின் கோட்டுப்படம். 40 அடி, 24 அடி, 7 அடி.]

முதலில் எளிமையான கூரை. நீளம் 40 அடி. இறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அகலம் 24 அடி. நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சாய்வு. இறவார மட்டத்திலிருந்து முகடு 7 அடி உயரம். தரைக்கணக்கில் 40 பெருக்கல் 24, அதாவது 960 சதுர அடி.

ஆனால் ஓடு சாய்வில்தான் உட்காருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம் இங்கே வேலைக்கு ஆகும். பாதி அகலம் 12 அடி, உயரம் 7 அடி. 144-ஐயும் 49-ஐயும் கூட்டினால் 193. அதன் வர்க்கமூலம் 13.9. சாய்வு 14 அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் 14 பெருக்கல் 40, இரண்டு பக்கமும் சேர்த்து 1120 சதுர அடி.

160 சதுர அடி வித்தியாசம். அந்த முந்நூறு ரூபாயால் பெருக்கினால் 48,000 ரூபாய். சண்டை வருவது இந்தத் தொகையில்தான். சாய்வு கூடக்கூட இது இன்னும் பெருகும். கணக்குப் போட வராது என்றால் பரவாயில்லை, ஏணி வைத்து இறவாரத்திலிருந்து முகடு வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ஓட்டின் மேல் நடக்க மட்டும் வேண்டாம். பழைய ஓடு உடைவது ஒரு பக்கம், கீழே மரம் உளுத்திருந்தால் ஆளே உள்ளே இறங்கிவிடுவார்.

அடுத்தது ஓடு. செட்டிநாட்டு வீடுகளில் இரண்டு விதம் பார்க்கலாம். ஒன்று மங்களூர் ஓடு. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணி அமைப்பு தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் பூட்டிக்கொள்வதால் ஒரே அடுக்கு போதும். 100 சதுர அடிக்கு 150 ஓடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் 1120 சதுர அடிக்கு 1680. லாரியில் உடைவது, வெட்டும்போது வீணாவது என்று நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 1850. முகட்டு ஓடு தனிக்கணக்கு, 40 அடி முகட்டுக்கு 35 எடுத்தால் போதும்.

பூட்டிக்கொள்ளும் ஓடு என்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எல்லாத் தொழிற்சாலை ஓடும் ஒரே அளவு இல்லை. இருபது ஓடுதான் உடைந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றுவோம் என்றால், பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். பொருந்தாத ஓட்டைச் செருகினால் அந்த இடத்தில் கட்டாயம் ஒழுகும்.

[திரையில்: நாட்டு ஓட்டு அடுக்கு, பக்கவாட்டில் நெருக்கமாக.]

இன்னொன்று நாட்டு ஓடு. சின்னது, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிப் பல அடுக்காக அடுக்கியிருப்பார்கள். இதற்கு நூறு சதுர அடிக்கு இத்தனை என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, அடுக்கு வீட்டுக்கு வீடு மாறும். அதனால் ஒரு ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி பிரிக்கச் சொல்லுங்கள். இறங்கிய ஓட்டை எண்ணுங்கள். எத்தனை முழுசு, எத்தனை உடைசல் என்று தனித்தனியாகக் குறித்து, 9-ஆல் வகுத்தால் உங்கள் வீட்டுக்கான எண் கிடைத்துவிடும். பழைய ஓட்டில் எவ்வளவு திரும்ப மேயலாம் என்பதும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மரக்கிளை உரசும் பக்கம் உடைசல் அதிகமாக இருக்கும்.

"நாட்டு ஓட்டை எடுத்துட்டு மங்களூர் ஓடு போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சொல்வார்கள். முடியும். ஆனால் நாட்டு ஓட்டுக்கு அடியில் ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், நெருக்கமாக இருக்கும். மங்களூர் ஓட்டின் கொக்கி மாட்டுவதற்கு ஏறக்குறைய பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் ஓடவேண்டும். அப்படியென்றால் ரீப்பர் முழுவதையும் கழற்றி மறுபடி அடிக்கவேண்டும். ஓட்டு விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தவர்களுக்கு இந்தச் செலவு பிறகுதான் தெரியவரும்.

சரி, மரத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் கூரைச் செலவைத் தீர்மானிப்பது ஓடு அல்ல, மரம்தான். நம் உதாரணக் கூரையில் முகட்டிலிருந்து இறவாரம் வரை சாய்வாக இறங்கும் கைமரம் இரண்டடிக்கு ஒன்று என்றால் ஒரு பக்கம் 21, இரண்டு பக்கமும் 42. ஒவ்வொன்றும் 14 அடி. நாலுக்கு இரண்டு அங்குல மரமாக எடுத்தால் சுமார் 33 கன அடி. ரீப்பர் ஒரு பக்கத்துக்கு 15 வரிசை, இரண்டு பக்கமும் சேர்த்து 1200 அடி ஓட்டம். இரண்டுக்கு ஒன்று அங்குலத்தில் அது 17 கன அடிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஐம்பது கன அடி. எல்லாவற்றையும் புதுத் தேக்கில் போட்டால் எவ்வளவு என்று மரக்கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பிறகு ஓட்டு விலையைப் பற்றிப் பேசவே தோன்றாது.

ஆனால் எல்லாவற்றையும் மாற்றவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பழைய வீடுகளில் இருப்பது பர்மாத் தேக்கு. நடுமரம் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையும் இறவாரத்தில் மழை நனைக்கும் முனையும்தான் உளுக்கும், கரையான் ஏறும். கைதேர்ந்த ஆசாரி அந்த மூன்றடியை மட்டும் வெட்டிவிட்டு, பழைய வீடு இடித்த தேக்கில் ஒட்டுப் போட்டுவிடுவார். முழு மரமும் மாற்றவேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்கிற ஆளிடம், கழற்றும் பழைய மரம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே விஷயம் புரிந்துவிடும்.

எத்தனை முனை கெட்டிருக்கிறது என்பது ஓட்டை இறக்கும் வரை யாருக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும்தான். அதனால் எஸ்டிமேட்டை இரண்டு பாகமாக எழுதி வாங்குவதே நியாயம். ஓடு இறக்குவது, அடுக்குவது, மேய்வது, முகடு பூசுவது எல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. இவற்றுக்கு முடிவான தொகை. மரத்துக்குத் தொகை வேண்டாம், விகிதம் போதும். ஒட்டுப் போட ஒரு முனைக்கு இவ்வளவு, முழுக் கைமரம் ஒன்றுக்கு இவ்வளவு, ரீப்பர் ஓர் அடிக்கு இவ்வளவு. ஓடு இறங்கிய அன்று இருவரும் சேர்ந்து எண்ணி, கெட்ட மரத்தில் சாக்பீஸால் குறியிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. மரத்துக்காகக் கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

[திரையில்: வளவு வாசலின் மூலை. இரண்டு சாய்வு சேரும் கூடல்வாய்.]

இப்போது வளவு. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓடும் பத்தியின், அதாவது தாழ்வாரத்தின், கூரையும் உள்நோக்கிச் சாய்கிறது. மூலைக்கு மூலை இரண்டு சாய்வு சேரும் இடம் கூடல்வாய். இரண்டு கூரைத் தண்ணீரும் அங்கேதான் வந்து விழும். வீட்டில் எங்கே ஒழுகினாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். பத்தி 8 அடி அகலம், சாய்வு முன்பு சொன்ன அதே அளவு என்றால் ஒரு கூடல்வாய் 12 அடிக்குச் சற்று மேல் வரும். நாலுக்கும் 49 அடி. கூடல்வாயில் ஓட்டுக்கு அடியில் போடும் தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளத்தையும் சேர்த்து 55 அடி எழுதுங்கள். இங்கே ஓட்டைச் சாய்வாக வெட்டவேண்டியிருப்பதால் உடைசலும் அதிகம், கூலியும் அதிகம். எஸ்டிமேட்டில் கூடல்வாய்க்குத் தனி வரி இல்லையென்றால், அந்த ஆள் மாடிப்படி ஏறிப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். தகடு எந்தக் கனம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

கூலியில் மறந்துபோகும் சில: சாரம், உடைசல் அள்ளும் வண்டி, ஏற்றுகூலி இறக்குகூலி, தார்ப்பாய். மங்களூர் ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் நம் 1680 ஓடு நாலு டன்னுக்கு மேல். அத்தனையும் கைமாற்றித்தான் மேலே போகவேண்டும். முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புக் கலவையில் பதிக்க ஆள் கிடைத்தால் விடாதீர்கள். சிமெண்டில் பதித்தால் அடுத்த முறை பிரிக்கும்போது ஓடு முழுசாக வராது.

இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் கூரையைப் பிரித்து வைக்க முடியாது. தை பிறந்ததும் ஆரம்பிப்பதுதான் வசதி. வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஆசாரியைத் தேடினால், அவர் சொல்வதுதான் கூலி.

இனி, பங்காளிகள். ஒரே வீட்டுக்கு ஏழெட்டுப் பங்கு, ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். முகப்பும் வளவும் பொது, அறைகள் அவரவர்க்கு. மொத்தமாக ஒரு தொகையை வாட்ஸ்அப்பில் போட்டால், "என் அறைக்கு மேல ஒழுகலையே" என்ற பதில்தான் வரும். எஸ்டிமேட்டை ஆரம்பத்திலேயே பகுதி பகுதியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: முகப்பு, வளவுப் பத்தி, ஒவ்வொரு அறை வரிசை, வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டு. கூடல்வாயைப் பொதுவில் சேர்த்துவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பங்கின் சுவரில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: பொருள் வந்து இறங்கியதும் கொஞ்சம், மரவேலை முடிந்ததும் கொஞ்சம், ஓடு மேய்ந்ததும் கொஞ்சம். கடைசித் தவணை ஒன்றை, முதல் நல்ல மழை பெய்து முடியும் வரை நிறுத்திவைப்பதாக அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகினால் வந்து பார்த்துத் தருவது அவர் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.