எழுந்து நின்றதும் ஏன் மயங்கி விழுவதில்லை?

வணக்கம். தாடைக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல் விரலை வைத்துப் பாருங்கள். நாடி துடிக்கிறதா? அதற்குப் பக்கத்தில்தான் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்துச் சுவரில் இருக்கும் நரம்பு நுனிகள், ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விரிகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

[திரையில்: கட்டிலிலிருந்து ஒருவர் எழுகிறார்]

படுத்திருந்தவர் எழுந்தால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். பிபி சரியும், தமனிச் சுவர் தளரும், கழுத்திலிருந்து போகும் சிக்னல் குறையும். அது குறைவதுதான் மூளைக்குத் தகவலே! உடனே மூளையின் அடியில் இருக்கும் முகுளம், உடலை உசுப்பிவிடும் சிம்பதெடிக் நரம்புகளை முடுக்குகிறது, இதயத்தை அடக்கி வைத்திருந்த வேகஸ் நரம்பும் பிடியைத் தளர்த்துகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, பிபி மீண்டும் ஏறிவிடுகிறது. எல்லாம் சில நொடிகளில்.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சிம்பதெடிக் நரம்பு நுனியில் பெரும்பாலும் வெளியாவது நார்அட்ரினலின் என்ற ரசாயனம் மட்டும்தான். அதுவே ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, அதுவே இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. எப்படி? என்ன செய்வது என்பது செல்லின் மேல் அந்த ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைப் பொறுத்தது: குழாய்த் தசையில் ஆல்ஃபா 1, இதயத்தில் பீட்டா 1. 1948-ல் அமெரிக்க மருந்தியல் அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஏற்பிகளை இப்படி ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்துச் சொன்னபோது பலர் கண்டுகொள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பீட்டாவை மட்டும் அடைக்கும் புரொப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக், 1988-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர்.

[திரையில்: மாத்திரை அட்டை]

அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் விஷயம். பிபிக்குக் கொடுக்கும் பிராசோசின், புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவை ஆல்ஃபா 1 ஏற்பியை அடைப்பவை. எழும்போது நரம்பு கட்டளை அனுப்பினாலும் குழாய் முழுசாகச் சுருங்காது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுபவர் தலைசுற்றி விழுவது பல சமயம் இதனால்தான். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். புரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது, ஏனென்றால் ஏற்பிகள் அடைபட்டிருந்த காலத்தில் செல்கள் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி வைத்திருக்கும், அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்தால் நெஞ்சுவலி வரை போகலாம்.

தலைசுற்றல் இருந்தால் பிபியைப் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.