பைக் வேலைக்கு எந்த டார்க் ரெஞ்ச்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போல்ட்டை எவ்வளவு முறுக்கி இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்குகிற கருவிதான் டார்க் ரெஞ்ச், அந்த முறுக்கை அளக்கும் அலகு நியூட்டன் மீட்டர். இதைப் பற்றித் திருநெல்வேலியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். 150 சிசி பைக் வைத்திருக்கிறாராம். ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்ப்பது, செயின் இறுக்குவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார். "இணையத்தில் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் ஒன்று தள்ளுபடியில் வருகிறது. 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை என்று போட்டிருக்கிறது. நாளைக்குக் கார் வாங்கினாலும் உதவும், வாங்கிவிடலாமா?" என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். கார் வாங்கும்போது அதை வாங்கிக்கொள்ளலாம். காரின் சக்கர நட்டுக்கு அது நல்ல கருவிதான். நீங்கள் சொன்ன வேலைகளில் அதற்குப் பொருத்தமான இடம் பின் சக்கர அச்சு நட் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் அது பெரிய கருவி.

ஏன் என்று சொல்கிறேன். பைக்கில் இருக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை சின்னவை. தனியாக அளவு குறிப்பிடாத போல்ட்டுகளுக்கென்று ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்களில் ஒரு பொது அட்டவணை இருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்கு 22, 10 மில்லிமீட்டருக்கு 34, 12 மில்லிமீட்டருக்கு 54. இந்த மில்லிமீட்டர் மரையின் கனம், ஸ்பேனரின் நம்பர் அல்ல. 10 நம்பர் ஸ்பேனர் போடுகிறீர்களே, அது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட். ஜப்பானிய வழி வந்த பைக்குகளில் 12 நம்பர் போட்டால் 8 மில்லிமீட்டர், 14 நம்பர் போட்டால் 10 மில்லிமீட்டர். இதை மாற்றிப் புரிந்துகொண்டு, 10 நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட்டை 34 வைத்து இறுக்கினால் போல்ட் முறியும், இல்லையென்றால் உள்ளே மரை உருவிக்கொண்டு வரும்.

இந்த எண்களைத் தள்ளுபடிக் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது தொடங்குவதே 28-இல். சின்ன பைக்குகளின் ஆயில் டிரெயின் போல்ட் பலவற்றுக்கு 24 அல்லது அதை ஒட்டித்தான் அளவு கொடுத்திருப்பார்கள். அதற்கு அந்தக் கருவியில் வைக்கவே முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தருகிற கிளிக் வகைக் கருவிகளுக்குப் பொதுவாக உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் துல்லியம் உறுதி சொல்வார்கள். 210-இல் ஐந்தில் ஒரு பங்கு 42. ஆக, 28-க்கும் 42-க்கும் இடையே எண் அச்சிட்டிருந்தாலும் அதை நம்பி இறங்க முடியாது.

துல்லியத்தை விடுங்கள், கைக்கு வருவதைப் பாருங்கள். அந்தக் கருவியின் கைப்பிடி முக்கால் முழம், ஒரு முழம் நீளம் இருக்கும். உள்ளே இருப்பது கனமான ஸ்பிரிங். அதை அடிமட்ட அளவில் வைத்து இழுக்கும்போது வருகிற 'கிளிக்' மிக மெல்லியது. தெருவில் ஒரு லாரி போனால் காதில் விழாது, கையிலும் சரியாகத் தெரியாது. "இன்னும் சத்தம் வரவில்லையே" என்று இழுத்துக்கொண்டே போவீர்கள். டிரெயின் போல்ட் இரும்பு, அது ஏறுகிற இஞ்சின் பெட்டி அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பிறகு லேத் பட்டறையில் புது மரை போட்டு வாங்குகிற செலவில் நல்ல கருவி ஒன்றே வாங்கியிருக்கலாம்.

அப்படியானால் எது வாங்குவது? சாக்கெட் மாட்டுகிற சதுர முனை 3/8 இஞ்ச், 5 அல்லது 10-இல் தொடங்கி 50, 60 வரை போகிற கிளிக் வகை. டிரெயின் போல்ட், 30-ஐ ஒட்டி வருகிற பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாம் அதன் நடுப்பகுதியில் வந்து உட்காரும். கால் இஞ்ச் முனையில் 5 முதல் 25 வரை ஒரு வகை உண்டு. வால்வு கவர், கிளட்ச் கவர் என்று 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளை அடிக்கடி திறக்கிறவருக்கு அதுதான் அருமை. நீங்கள் சொன்ன பட்டியலுக்கு 3/8 போதும்.

பின் அச்சு நட் பல பைக்குகளில் 60-இலிருந்து 100 வரை கேட்கும். அதற்கு மட்டும் இந்தக் கருவி எட்டாது. செயின் இறுக்கியதும் சாதாரண ஸ்பேனரால் நன்றாக இறுக்கிவிட்டு, அப்படியே பக்கத்துப் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப்போய் அவர்களுடைய டார்க் ரெஞ்சை ஒரு முறை வைக்கச் சொல்லுங்கள். நட் தானாகக் கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின் இருந்தால் அதைப் போடாமல் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

வகையைப் பற்றியும் கேட்டிருக்கிறார், முள் வகையா, கிளிக் வகையா, டிஜிட்டலா என்று. முள் வகை எளியது. ஒரு கம்பி வளையும், முள் அளவைக் காட்டும். கெடுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை, விலையும் குறைவு. ஆனால் முள்ளை நேர் எதிரே இருந்து பார்க்க வேண்டும். டிரெயின் போல்ட்டுக்காகத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு அதைப் படித்துப் பாருங்கள், அப்போது தெரியும். டிஜிட்டல் சொகுசானது. வருடத்துக்கு நாலு முறை எடுக்கிறவருக்கு அந்த விலை வீண், பெட்டிக்குள் பேட்டரி கசிந்தால் அதுவும் போச்சு.

இப்போது அளவு வைப்பது. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். கைப்பிடிக்கு மேலே நேர்கோட்டில் 10, 20, 30 என்று பொறித்திருக்கிறது பாருங்கள். சுழல்கிற வளையத்தின் விளிம்பில் 0, 1, 2 என்று 9 வரை. எனக்கு 24 வேண்டும். வளையத்தின் மேல் விளிம்பு 20-ஐத் தொட்டு, அதன் பூஜ்யம் நடுக்கோட்டில் நிற்கும்வரை சுற்றுகிறேன். அங்கிருந்து மேலும் சுற்றி வளையத்தின் 4 நடுக்கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டுப் பூட்டுகிறேன். 20-உம் 4-உம் சேர்ந்து 24. ஒரு சுற்றுக்கு எத்தனை கூடும் என்பது கருவிக்குக் கருவி மாறும், உங்களுடையதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே தண்டைத் திருப்பினால் பின்பக்கம் இன்னொரு அளவுகோல் இருக்கும். அது பெரும்பாலும் அடி-பவுண்டு. அவசரத்தில் அந்தப் பக்கம் 24 வைத்தால் உண்மையில் விழுவது முப்பத்திரண்டரை நியூட்டன் மீட்டர். மேனுவலில் கிலோகிராம் மீட்டர் கணக்கும் சேர்ந்தே வரும். 2.4 என்று இருந்தால் ஏறக்குறைய பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 24. புள்ளியைக் கவனிக்காமல் படித்தால்தான் தொல்லை.

இறுக்கும் முறை. முதலில் விரலாலேயே மரை ஏற்றுங்கள். கோணலாக ஏறியிருந்தால் டார்க் ரெஞ்ச் அதைக் கண்டுபிடிக்காது, கோணலாகவே 24 வரை இறுக்கிக் கொடுத்துவிடும். வெறும் ராட்செட்டால் அமரும்வரை கொண்டுவந்து, அதன்பிறகு இதை எடுங்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். ஒரு கிளிக், அவ்வளவுதான். "சந்தேகத்துக்கு இன்னொன்று" என்று நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்த இரண்டாவது கிளிக் போல்ட்டை மேலும் கொஞ்சம் நகர்த்திவிடும். இதை வைத்து இறுகிய போல்ட்டைக் கழற்றுவதும் கூடாது, அதற்கு ஸ்பேனர் இருக்கிறது.

மரையில் எண்ணெய் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாம் கொடுக்கிற முறுக்கில் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவே போய்விடுகிறது. இன்னும் நாற்பது சதவீதம் மரை உராய்வில் போகிறது. போல்ட்டை உண்மையில் இழுத்துப் பிடிப்பது மிச்சமுள்ள பத்து சதவீதம்தான். எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே 24-இல் இழுவை எங்கேயோ போய்விடும். மேனுவல் எண்ணெய் தடவச் சொன்ன இடத்தில் தடவுங்கள், சொல்லாத இடத்தில் துடைத்துவிட்டு இறுக்குங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு எதுவும் தடவ வேண்டாம் என்று என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. 10 மில்லிமீட்டர் மரை பிளக்குக்கு அவர்கள் தரும் அளவு 10 முதல் 12, 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30. புது பிளக் என்றால் கருவி இல்லாமலும் செய்யலாம். கையால் திருகி வாஷர் தொட்டதும், அங்கிருந்து அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதல். பிளக் பெட்டியிலேயே படம் இருக்கும்.

வாங்கிய கருவி சரியாக அளக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சதுர முனையை வைஸில் இறுக்கி, கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டி நிற்கும்படி வையுங்கள். முனையின் மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில், அந்த இடம் கைப்பிடிக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, தராசில் நிறுத்த 5 கிலோ தண்ணீர்க் கேனைக் கயிற்றில் மெதுவாகத் தொங்கவிடுங்கள். 5 கிலோவை 9.8-ஆல் பெருக்கி, 0.3 மீட்டரால் பெருக்கினால் 14.7 நியூட்டன் மீட்டர். கருவியின் சொந்த எடைக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 16. அளவை 14-இல் வைத்தால் கிளிக் வர வேண்டும், 18-இல் வைத்தால் வரக்கூடாது. 18-இலும் வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முறையான சோதனைக்கு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 6789 தரக்குறிப்பு 12 மாதம் அல்லது 5000 முறை பயன்பாடு என்று கணக்கு வைத்திருக்கிறது. அது தொழிற்சாலைக்கு. வாசலில் ஆயில் மாற்றுகிற நீங்கள் ஆயுள் முழுக்க இறுக்கினாலும் 5000 வராது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கிவைப்பது போதும். அதற்கும் கீழே திருகிக் கழற்றிவிடாதீர்கள், கீழேயும் போடாதீர்கள்.

வாங்கும்போது சாக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் சாக்கெட் செட் அரை இஞ்ச் முனை என்றால் இதில் நேராக மாட்டாது. 3/8-இலேயே 10, 12, 14, 17 நம்பரும் உங்கள் பிளக்குக்கு உரிய சாக்கெட்டும் வாங்கினால் போதும். நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறாது. முன்னால் நீட்டிக்கொண்டு போகிற ஸ்பேனர் முனை மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடி, அளவும் கூடிவிடும். அடுத்த கேள்வி செயினுக்குப் போடும் லூப் எண்ணெய் பற்றி, அதற்கு வருவோம்.