அன்லாக் செய்த கணக்கு மறுபடியும் லாக் ஆகிறதா?

அடுத்த கேள்வி. "எங்கள் விண்டோஸ் சர்வரில் ஒரே ஒரு பயனரின் கணக்கு மட்டும் தினமும் லாக் ஆகிறது. அன்லாக் செய்தால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அதே பெயரில் திரும்பப் போட்டாலும், பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்கு அவர் புது ஆள்தான். அது ஆளை அடையாளம் காண்பது எஸ்ஐடி என்கிற எண்ணை வைத்து. புதுக் கணக்கு என்றால் புது எஸ்ஐடி. பழைய ஃபோல்டர் அனுமதிகள், குரூப்கள் எல்லாம் கையை விட்டுப் போய்விடும். சரி, லாக் ஆவதாவது நிற்குமா என்றால் அதுவும் நிற்காது. ஏதோ ஒரு கம்ப்யூட்டரோ போனோ இவர் பெயரையும் ஒரு பழைய பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தவறான முயற்சிகள் வரம்பை எட்டியதும் கணக்கு லாக் ஆகிறது. பெயர் அதேதானே, தட்டல் தொடரும்.

தட்டுவது யார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கண்ட்ரோலர். கணக்கு லாக் ஆகும் விவரங்கள் வந்து சேரும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பு எந்த டொமைன் கண்ட்ரோலரில் இருக்கிறதோ, அதில் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி லாக்கில் (பாதுகாப்புப் பதிவேட்டில்) 4740 என்ற நிகழ்வு எண்ணை வடிகட்டுங்கள். கணக்கு லாக் ஆன ஒவ்வொரு தடவையும் அங்கே பதிவாகும். அதற்குள் 'காலர் கம்ப்யூட்டர் நேம்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் தேடும் ஆள் அங்கேதான்.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்கே போய் அதன் செக்யூரிட்டி லாக்கில் 4625 பாருங்கள். தோல்வியடைந்த லாகின்கள் அவை. அதில் எந்த வகை லாகின் என்று சொல்லும் 'லாகான் டைப்' முக்கியம். 4 என்றால் ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), 5 என்றால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். 3 என்றால் நெட்வொர்க் வழியாக வந்தது, அதில் 'சோர்ஸ் நெட்வொர்க் அட்ரஸ்' என்ற வரியைப் பிடித்து இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். பயனரின் சொந்தக் கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்தால் கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். மேப் செய்த டிரைவ்களையும் (டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்த நெட்வொர்க் ஃபோல்டர்கள்) ஒரு பார்வை பாருங்கள்.

காலர் பெயர் காலியாக இருந்தால் பெரும்பாலும் போனில் உள்ள மெயில், வைஃபை போன்ற விஷயம் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். அப்போது டொமைன் கண்ட்ரோலர்களில் பாஸ்வேர்டு சரிபார்ப்பு பற்றிய 4771, 4776 இரண்டு நிகழ்வுகளையும் தேடுங்கள். 4771-இல் ஃபெயிலியர் கோட் 0x18 என்று இருந்தால் தவறான பாஸ்வேர்டு என்று அர்த்தம், எந்த ஐபி முகவரி என்பதும் பக்கத்திலேயே இருக்கும். தோல்விகளைப் பதிவு செய்யும் ஆடிட் பாலிசி ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தோல்விகள் எதுவும் பதிவேட்டில் சிக்காது.

நான் ஒரு இடத்தில் இதே தொல்லையோடு இரண்டு நாள் அலைந்தேன். போனைப் பார்த்தாயிற்று, லேப்டாப்பைப் பார்த்தாயிற்று. கடைசியில் 4740 காட்டியது பக்கத்து அறையில் இருந்த ஒரு சர்வரை! அந்தப் பயனர் வாரக்கணக்கில் முன்பு ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போயிருக்கிறார், சைன் அவுட் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டார். செஷன் உயிரோடு இருந்தது. லாக் ஆஃப் செய்தேன், அன்றோடு சரி. முதல் நாளே 4740-ஐப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

மூன்று முறை பாஸ்வேர்டு மாற்றினேன் என்றீர்களே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாஸ்வேர்டு ஹிஸ்டரியில் (பயன்படுத்திய பாஸ்வேர்டுகளின் வரிசையில்) உள்ள கடைசி இரண்டில் ஒன்று தவறுதலாக வந்தால், டொமைன் கண்ட்ரோலர் அதைத் தவறு எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நீங்கள் மாற்ற மாற்ற, எங்கோ சேமித்து வைத்த பாஸ்வேர்டு அந்த இரண்டையும் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு தட்டலும் கணக்கில் ஏறும். அதனால் இடம் தெரியும்வரை பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள்.

எத்தனை தவறுக்குப் பிறகு கணக்கு லாக் ஆக வேண்டும் என்ற லாக்அவுட் வரம்பை 0 ஆக்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். லாக் ஆகாதுதான், ஆனால் வெளியிலிருந்து ஒருவன் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். ஒருவேளை இவர் மட்டுமல்லாமல் வேறு பல கணக்குகளும் ஒரே நேரத்தில் லாக் ஆக ஆரம்பித்தால், சேமித்த பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யாரோ பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு, அந்த ஐபியை முதலில் தடுங்கள்.