செத்தவீட்டில் சொல்லும் வார்த்தை

நேயர்களுக்கு என் வணக்கம்.

வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினால் எங்கள் வீடுகளில் கை வேலை நின்றுவிடும். பெயர் சரியாகக் காதில் விழாவிட்டாலும் வாக்கியம் முடிகிற இடத்தில் ஆள் எந்தச் சமயம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சிவபதம் அடைந்தார் என்றால் சைவர். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றால் எங்களைப் போன்ற புரட்டஸ்தாந்து சபைக்காரர். திருப்பலி நேரம் சொல்லி, பின்னர் சேமக்காலையின், அதாவது கல்லறைத் தோட்டத்தின், பெயரும் வந்தால் கத்தோலிக்கர். காலமானார் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

விசுவாசம் ஒருவரின் பேச்சில் எப்படிப் படிகிறது என்று கதைக்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். ஸ்தோத்திரம், கிருபை, பாரத்தோடு ஜெபித்தல் என்று எங்களுக்குள் புழங்கும் சொற்களை வரிசையாக அடுக்கினால் நேரம் போய்விடும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தில், அதாவது கடிதத்தில், நாளைக்கு இதைச் செய்வோம் என்று துணிந்து சொல்லாதேயுங்கள், ஆண்டவருக்குச் சித்தமானால் செய்வோம் என்று சொல்லுங்கள் என்கிறார். மனிதனுக்குத் தன் அளவை நினைவூட்டும் நல்ல வழக்கம் இது. ஆனால் கூட்டம் ஒன்றுக்கு அழைக்கும்போது ஒருவர் "கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" என்று சொன்னால், ஒரு கதிரையைக் குறைத்தே போடலாம் என்பது சபைகளில் வேலை செய்த எவருக்கும் தெரியும். வரமாட்டேன் என்று சொல்லத் துணிவில்லாதவர் அந்தப் பொறுப்பைக் கடவுளின் தலையில் வைத்துவிடுகிறார். இன்னொன்று, "ஜெபிப்பதற்காகத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கி அயல்வீட்டுப் பெண்ணின் கதையை முழுதாகச் சொல்லி முடிப்பது. நாவைப் பற்றி ஓர் அதிகாரத்தில் பெரும்பகுதியை எழுதிய அதே யாக்கோபு இதைக் கேட்டிருந்தால் இன்னும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார். இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது சுருக்கமானது: உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.

எங்கள் மேடைப்பேச்சுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் இங்கே வேலையைத் தொடங்கியது 1816 இல். பிறகு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். அதே நாவலர் 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷன் மேடையில் கண்ட முறையை எடுத்துத் தன் சமயத்துக்கு ஆக்கிக்கொண்டார். 1850 இல் வெளிவந்த அந்த வேதாகமம் சபைகளில் நிலைக்கவில்லை. நாவலரின் பிரசங்க வழக்கம் கோயில்களில் நிலைத்துவிட்டது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ இதில் ஒரு மகிழ்ச்சி.

பிரசங்கம் செய்யப் பழகிய வாய்க்குச் செத்தவீட்டில்தான் சோதனை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாய்விட்டு அழுதுகொண்டிருப்பாள். பக்கத்தில் இருந்து ஒருவர் "அழாதேயுங்கோ அக்கா, எல்லாம் தேவ சித்தம்" என்பார். அவர் கல்மனதுக்காரர் அல்லர். அந்த அழுகையைத் தாங்க முடியாததால் அதை நிறுத்தப் பார்க்கிறார். ஆனால் வேதாகமத்தில் இப்படிப்பட்ட ஆறுதல்காரர்களுக்கு நல்ல பெயர் இல்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரி. வாயைத் திறந்து கடவுளுக்காக வழக்குப் பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்தது அவர்கள் மீது. தன்னோடு வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்றும் சொன்னார்.

கத்தோலிக்கர் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைக்கிறேன். கோவாவிலிருந்து 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை, இயேசுவின் பாடுகளை நினைக்கும் தபசுகாலத்தில் ஒப்பாரிபோல இழுத்துப் படிப்பார்கள். மரியாள் தன் மகனுக்காக அழும் அழுகையை ஊரே சேர்ந்து அழும். அழுவதற்கு ஒரு பாட்டும் ஒரு காலமும் அவர்களிடம் இருந்தது. புரட்டஸ்தாந்து சபைகளில் நாங்கள் நன்றி சொல்லப் பழகிய அளவுக்கு முறையிடப் பழகவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று சங்கீதக்காரன் கேட்டதை வாசிக்கிறோம். சொந்தமாக அப்படிக் கேட்கும் ஒருவரைக் கண்டால் விசுவாசக் குறைவு என்கிறோம்.

போர் முடிந்த பின் இந்தக் குறை வெளியே தெரிந்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோது, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருந்த தாய்மாரை எல்லோரும் கண்டோம். அவர்களில் கிறிஸ்தவத் தாய்மாரும் உண்டு. அப்படி ஒரு கத்தோலிக்கத் தாய் மகனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கோயிலுக்குப் போனால், என்ன கருத்துக்கு என்று கேட்பார்கள். உயிரோடு இருப்பவரின் சுகத்துக்கா, இறந்தவரின் ஆத்தும இளைப்பாற்றிக்கா? இளைப்பாற்றி என்று சொன்னால் மகனைத் தானே கொன்றதுபோல அவளுக்கு இருக்கும். சுகத்துக்கு என்று ஒவ்வொரு வருடமும் சொல்லவும் நா எழும்பாது. எங்கள் ஜெபக்கூட்டங்களிலும் இதே இக்கட்டுத்தான். இருக்கிறான் என்பதா, இருந்தான் என்பதா? போதகர் ஒருவர் இப்படி ஜெபிக்கக் கேட்டேன்: "ஆண்டவரே, அவன் எங்கே என்று நீர் அறிவீர், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை." அதில் தேற்றும் வசனம் ஒன்றுகூட இல்லை. உள்ளது உள்ளபடி கடவுளுக்கு முன் சொல்லப்பட்டது. சொல்லாதவர்கள் மீதான குற்றச்சாட்டும் கூடவே போய்ச் சேர்ந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஞாயிறு ஆராதனை ஒழுங்கை எழுதுகிறவர்கள் மாதத்தில் ஒரு தடவையாவது முறையிடும் சங்கீதம் ஒன்றைக் குறைக்காமல் வாசிக்க வையுங்கள். 88 ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். அது நன்றி சொல்லி முடிவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி முடிகிறது. அதற்கு மேல் ஆறுதல் வசனம் ஒன்றை ஒட்டவேண்டும் என்று யாராவது சொன்னால், எழுதியவர் ஒட்டவில்லை என்று பதில் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.