அடுத்த கோச் யார் என்று கேட்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் நம்ம சென்னையின் எஃப்சி வரிசையாக நாலு ஆட்டம் தோற்றால் போதும். கூடலூரிலிருந்து கோத்தகிரி வரைக்கும் எந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான். இந்த ஆளை அனுப்பிவிட்டு யாரைக் கொண்டுவரலாம்? பச்சைத் தேயிலை ஏற்றி வந்த லாரியை ஓரங்கட்டிவிட்டு டிரைவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வார். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் சாயங்காலமானால் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என்னைக் கண்டதும், "சார், நீங்க சொல்லுங்க" என்று இழுத்து உட்காரவைத்துவிடுவார்கள். சத்தத்துக்கு நடுவே அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் மூன்று கட்சிகள். முதல் கட்சிக்குப் பெரிய பேர் வேண்டும். 2006-இல் இத்தாலிக்காக உலகக் கோப்பை வென்ற மார்கோ மெட்டராஸி 2014-இல் சென்னைக்குக் கோச்சாக வந்தாரே, 2015-இல் கோப்பையும் வாங்கித் தந்தாரே, அப்படி ஒருவரைக் கொண்டுவா என்பார்கள். இரண்டாவது கட்சி, இந்த லீக்கில் ஏற்கெனவே ஜெயித்துக் காட்டிய வெளிநாட்டுக்காரர்தான் சரிப்படுவார் என்று சொல்லும். மூன்றாவது கட்சி, நம்ம ஆளுக்குக் கொடு என்கிறது. சென்னையில் ஆடி வளர்ந்த சையது சபீர் பாஷா 2022-இல் சீசன் நடுவே இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். அவரை ஏன் முழுசாக நம்பவில்லை என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

கூடலூரில் மட்டும் நாலாவது கட்சி ஒன்று உண்டு. நாடுகாணி இறங்கி நிலம்பூர் பக்கம் போய் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள், மஞ்சள் சட்டை போட்ட கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள். 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்றிலும் தோற்ற அணி அவர்களுடையது. அந்த வலியோடு அவர்கள் பேசுவதை நான் மரியாதையோடுதான் கேட்பேன்.

ஆனால் நாலு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்று. எல்லோரும் பெயரைத்தான் பேசுகிறார்கள். சென்னை அணியின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் பெயர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தெரியும்.

2015-இல் மெட்டராஸியின் அணி பாதி சீசனில் பட்டியலின் கடைசியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து வந்தார்கள். டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. அதையும் 3-0 என்று ஜெயித்து, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவையே 3-2 என்று சாய்த்தார்கள். அடுத்த வருஷம், அதே மெட்டராஸி, எட்டு அணிகளில் ஏழாவது இடம். அப்புறம் ஜான் கிரிகரி வந்தார். 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அடுத்த சீசன், அதே கிரிகரி, 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, பட்டியலில் கடைசி இடம். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். தடுமாறிக்கொண்டிருந்த அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். பிறகு ஜாம்ஷெட்பூர் போய் 2021-22 சீசனில் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் லீக் ஷீல்டை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். 2023-இல் சென்னைக்குத் திரும்பி வந்தார்; முதல் சீசனில் ஆறாவது இடம், 2024-25 சீசனில் 13 அணிகளில் பதினோராவது.

மூன்று பேர். மூன்று பேரும் இதே கிளப்பில் ஏறியவர்கள், இதே கிளப்பில் இறங்கியவர்கள். மெட்டராஸிக்கு ஒரே வருஷத்தில் ஆட்டம் மறந்துபோய்விடுமா? கிரிகரிக்கு?

அவர்கள் கையில் இருந்த ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 2015-இல் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்தார். அடுத்த சீசனில் அவர் இல்லை. 2018-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் செரெனோ கிளம்பிவிட்டார். நடுக்களத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நம்ம தனபால் கணேஷ் முழங்கால் அடிபட்டு வெளியே இருந்தார். கோய்லின் முதல் வருகையில் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். சீசன் முடிந்ததும் கோய்லோடு அவரும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். பெயர் சொல்லி கோச்சைத் திட்டுகிறோம். யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவது என்று முடிவெடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அப்படியானால் கோச் என்று ஒருவர் தேவையே இல்லையா என்று கேட்பீர்கள். தேவை. அவருடைய வேலை எங்கே தெரியும் என்பதற்கு 2018 இறுதி ஆட்டத்தையே சொல்கிறேன். ஆரம்பத்திலேயே பெங்களூருவின் சுனில் சேத்ரி தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டார். மைதானம் முழுக்க பெங்களூரு ரசிகர்கள். அந்த நிலையில் சென்னைக்கு இரண்டு கார்னர். இரண்டையும் ஆட்டக்காரர் கிரிகரி நெல்சன் (கோச் கிரிகரி வேறு) அடித்தார், இரண்டையும் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் எழும்பி முட்டினார், இரண்டும் கோல். முதல் பாதி முடியும்போது 2-1. ஒரு கோல் என்றால் அதிர்ஷ்டம் எனலாம். ஒரே ஆள் அடித்து ஒரே ஆள் முட்டி இரண்டு கோல் வந்தால், அது வார நாட்களில் பயிற்சியில் விழுந்த வியர்வை.

கார்னர் எவ்வளவு கஷ்டம் என்று மலையில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கு மூடுபனி மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் கொடிக் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. பந்தை உதைக்கும் சத்தம் 'தொப்'பென்று கேட்கும். பந்து எங்கே வருகிறது என்று பையனுக்குத் தெரிவது அது தலைக்கு மேலே வந்த பிறகுதான். நனைந்த பந்தின் சத்தத்தை வைத்தே, இது உயரமாக வருகிறது, இது முதல் கம்பத்துக்கு வருகிறது என்று கணித்து ஓடும் பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அவனை அந்த இடத்தில் நிறுத்தலாம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஒரு கோச்சிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்தக் கண்தான்: கையில் இருக்கும் ஆள் எதற்குப் பொருத்தம் என்று பார்க்கிற கண்.

அந்தக் கண்ணுக்கு இந்தியாவில் சையது அப்துல் ரஹீம் என்று பெயர் வைக்கலாம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நாலாவது இடம், எல்லாம் அவர் பயிற்சியில் வந்தவை. 1962 ஜகார்த்தாவில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரைப் பின்னால் நிறுத்தாமல் முன்னால் கொண்டுபோய் கோல் அடிக்கச் சொன்னார். அரையிறுதியில் ஒன்று, இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஒன்று என்று அவர் அடித்தார். 2-1, தங்கம். ரஹீம் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், மறுவருஷமே காலமானார்.

அந்த அணியின் கோல் கம்பத்தைக் காத்த பீட்டர் தங்கராஜ் நமக்கு அந்நியர் இல்லை. இதோ, குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறதே மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், அந்த அணிக்கு ஆடியவர். 1955-இலும் 1958-இலும் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை இரண்டு முறை நீலகிரிக்கு வந்திருக்கிறது! இந்த மலையில் வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? வெலிங்டன் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே போவேன்.

சரி, இன்றைய ஐ.எஸ்.எல்.லுக்கு வருவோம். 2021-22 சீசனிலிருந்து ஒரு அணி ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டுக்காரர்களைத்தான் களத்தில் இறக்கலாம். அப்படியானால் பதினொரு பேரில் ஏழு பேர் நம் பிள்ளைகள். மிசோரத்துப் பையனையும் கோவாப் பையனையும் வியாசர்பாடிப் பையனையும் தெரிந்து, யார் எந்த இடத்தில் தேறுவான் என்று சொல்லக்கூடியவர்தான் அந்த ஏழு பேரை ஒரு அணியாக்க முடியும். பெரிய பெயரோடு விமானத்தில் வந்து இறங்குபவர் இதைக் கற்றுக்கொள்வதற்குள் அரை சீசன் போய்விடுகிறது.

இந்தியக் கோச் காலித் ஜமீலை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய சீசனில் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டு, பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட மிசோரத்தின் ஐஸ்வால் அணியை 2016-17-இல், ஐ.எஸ்.எல். அல்லாத இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீகில் சாம்பியன் ஆக்கினார். மும்பையில் தன்னிடம் ஆடிய ஜெயேஷ் ராணே, அசுதோஷ் மேத்தா போன்றவர்களை அழைத்துக்கொண்டு போய் உள்ளூர் மிசோ பையன்களோடு சேர்த்துவிட்டார். அவ்வளவு செய்தும் ஒரு ஐ.எஸ்.எல். கிளப் ஓர் இந்தியரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்த 2021 வரைக்கும் ஆயிற்று. அவர்தான் அந்த முதல் ஆள். 2025-இல் இந்திய அணியே அவர் கைக்கு வந்தது.

இதற்காக வெளிநாட்டுக்காரரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2018-19-இல் நம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை வென்றது. அதன் கோச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். நம் ஊரில் அவர் பேரைக் கேள்விப்பட்டவர்களே அப்போது இல்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அவரோடு சேர்ந்து ஓடியவர்களில் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். கோச்சுக்கு ஏற்ற ஆட்களும், ஆட்களுக்கு ஏற்ற கோச்சும் ஒரே நேரத்தில் அமைந்தார்கள். இன்று அந்த கிளப் ஐ-லீகில் இல்லை என்பது மேட்டுப்பாளையம் இறங்கி ஆட்டம் பார்க்கப் போன எல்லோருக்கும் இழப்பு.

அவகாசம் கொடு என்று வாதாடுபவர்கள் உடனே அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார்கள். 1986-இல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தவருக்கு முதல் கோப்பை 1990-இல்தான் கிடைத்தது, உண்மை. ஆனால் அந்த நாலு வருஷமும் ஆட்களைச் சேர்க்கவும் கழிக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. அதிகாரம் இல்லாத ஒருவருக்கு அவகாசம் மட்டும் கொடுத்தால் தோல்விதான் நீளும்.

கோய்ல் விலகிய பிறகு, 2025-இல் சென்னையின் கிளப் கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டாவை அமர்த்தியது. இந்தியாவுக்கு ஆடியவர், 2023-இல் ஒடிசா அணிக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அந்த முடிவில் எனக்கு முழு சம்மதம். இனிமேல் எந்த வருஷம் இந்தக் கேள்வி எழுந்தாலும் என் ஓட்டு அப்படிப்பட்டவருக்குத்தான்: இந்தியப் பையன்களை வைத்து ஏதாவது ஜெயித்துக் காட்டியவர். இரண்டு சீசனாவது அவரை வைத்திருக்க வேண்டும். ஆள் எடுக்கும் மேஜையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

கிளப்புக்குக் கடிதம் எழுதும் இளைஞர்கள் இந்த மலையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோச்சாக யார் வேண்டும் என்று தாராளமாக எழுதுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: போன சீசனில் ஆடிய இந்திய வீரர்களில் எத்தனை பேரைத் தக்கவைக்கப் போகிறீர்கள்? புதியவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஆட்களை எடுத்து முடித்துவிடுவீர்களா? பதில் வந்தால் எனக்கும் காட்டுங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

நன்றி, வணக்கம்.