முட்டி வீங்கினால் தொடை ஏன் தளர்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். முழங்காலில் அடிபட்டவர்களை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். வீக்கம் முட்டியில். சில வாரம் போனால் அதற்கு மேலே தொடை சூம்பியிருக்கும். "நடக்காமல் கிடந்தால் சூம்பாதா?" என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அடிபட்ட மறுநாளே காலை நீட்டித் தூக்க முடியாமல் போகிறதே, ஒரே ராத்திரியில் தசை கரைந்தா போகும்? பிசியோதெரபிஸ்டாக நான் ஓயாமல் பேசிவரும் விஷயம் இது.

கபடி ஆடுகிற ஒரு பையனை அவன் அப்பா அழைத்து வந்தார். ரெய்டு போய்த் திரும்பும்போது முட்டி திருகிக்கொண்டதாம். நல்ல வீக்கம். கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, "தம்பி, முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்குப்பா" என்றேன். பல்லைக் கடிக்கிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, இரண்டு கையும் மெத்தையைப் பிடித்திருக்கிறது. தொடை மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. "வலிக்குதா?" "அவ்வளவா இல்ல சார். வரமாட்டேங்குது." அப்பாவுக்குக் கோபம். "பயந்து நடிக்கிறான் சார்!" நான் அவர் கையைப் பிடித்துப் பையனின் நல்ல தொடைமேல் வைத்தேன், இறுக்கச் சொன்னேன். கல்லு மாதிரி இறுகியது. பிறகு அடிபட்ட தொடைமேல் வைத்தேன். "அண்ணே, அவன் முழு மனசோடதான் முயற்சி பண்றான். முதுகுத்தண்டுல அந்த உத்தரவு மட்டுப்படுது" என்றேன். மனிதர் கையை எடுக்கவே இல்லை.

நடப்பது இதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறையில், இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் உண்டு. உள்ளே நீர் கோர்த்தால் உறை விம்முகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே முன்தொடைத் தசையை இயக்கும் நரம்பணுக்கள் அடக்கப்படுகின்றன. மூளை சொன்னது முழுசாகத் தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. நம் மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை.

வலிதான் காரணமோ என்று கேட்கலாம். டி ஆண்ட்ராடே, கிராண்ட், டிக்சன் என்ற மூன்று மருத்துவர்கள் 1965-இல் முழங்காலுக்குள் திரவம் ஏற்றிப் பார்த்து, முன்தொடைத் தசை அடங்குவதை எழுதினார்கள். பிறகு வந்த சோதனைகளில், அடியே படாத, வலியே இல்லாத முட்டியிலும் இது நடந்தது. மூட்டை முன்கூட்டியே மரத்துப்போகச் செய்தால் நடக்கவில்லை! 1984-இல் வந்த ஓர் ஆய்வில், முட்டிச் சில்லுக்கு மேலே உட்பக்கமாக இருக்கும் தசை 20, 30 மில்லியிலேயே அடங்கத் தொடங்கியது. நாலிலிருந்து ஆறு தேக்கரண்டி நீர், அவ்வளவுதான். வலி குறைந்த பிறகும் படியிறங்கும்போது கால் மடங்குகிறது என்கிறீர்களே, இந்த மிச்ச வீக்கத்தையும் பாருங்கள்.

இன்னொன்று, தலையணை. முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும். கொஞ்சம் மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு, அதனால் சுகம். ஆனால் காலை மடக்கும் பின்தொடைத் தசை, நீட்டும் முன்தொடை அளவுக்கு அடங்குவதில்லை. நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் கால் மடங்கியே நின்றுவிடும், நேராக நீளாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், குதிகாலுக்கு அடியில்.

அதனால்தான் வீக்கம் வடிவதற்குள் பாரம் தூக்கித் தொடையை வலுவாக்கப் பார்க்காதீர்கள் என்கிறேன். புது வீக்கத்தில் எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வையுங்கள். அந்தக் குளிர்ச்சி அடக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்துகிறது. உடனே தொடையை இறுக்கிப் பழகுங்கள். அந்தப் பையனுக்கும் ஐஸ் எடுத்த கையோடு பழக்கித்தான் உட்பக்கத் தசை துடிக்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவர் அவன் அப்பா.

கணுக்கால் சுளுக்கைப் பற்றியும் சொல்ல இருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. அங்கேயும் மூட்டைத் தாங்கும் தசைகள் அடங்குவதுண்டு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அடிபட்ட ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால் சீழ் பிடித்திருக்கலாம். இரண்டுக்கும் ஐஸோடு நிற்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.