ஒஹாயோ கிராமத்தில் என் மகளின் வெள்ளாடு: 4-எச் என்றால் என்ன?

வணக்கம் மக்களே. பின்னால் கத்துகிற சத்தம் கேட்கிறதா, அது எங்கள் ஆடு. காலை ஆறரை மணிதான் ஆகிறது, பாப்பா தண்ணீர் வாளியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தை வீடியோவில் காட்டுவதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன், அதனால் ஆட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் இந்தக் கொட்டிலைக் காட்டியதும் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், அமெரிக்கா வரைக்கும் போய் ஏன் ஆடு மேய்க்கிறீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ. பதில் 4-எச், அதாவது பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற ஒரு கிளப். கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில் ஒரு கிராமத்துக் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிடச் சின்னது. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தோம். முதல் வருடம் எனக்கு யாரையும் தெரியாது. தோட்டமாவது போடலாம் என்று தக்காளியும் கத்தரியும் வைத்தேன். செடி இடுப்பளவு வந்தது, பூவும் விட்டது, திடீரென்று ஒரே வாரத்தில் அத்தனையும் தலை தொங்கி வாடிவிட்டது. தண்ணீர் குறைவோ என்று ஊற்றினேன், அதிகமோ என்று நிறுத்தினேன், எதுவும் சரிப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான், எக்ஸ்டென்ஷன் ஆபீஸுக்கு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போ, காசு கேட்க மாட்டார்கள் என்றார்.

போனேன். கோர்ட் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஆபீஸ், விவசாயம், தோட்டம் பற்றி ஊர் மக்களுக்கு யோசனை சொல்கிற விரிவாக்க அலுவலகம். அங்கே மாஸ்டர் கார்டனர் என்று, தோட்டப் பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வலர், எழுபது வயதிருக்கும், செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வீட்டுப் பக்கத்தில் கறுப்பு வால்நட் மரம் இருக்கிறதா? இருக்கிறது, வேலியோரம் பெரிய மரம். அதன் வேரிலிருந்து ஜுக்லோன் என்று ஒன்று மண்ணில் இறங்குமாம், தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இந்தக் குடும்பத்துக்கே அது ஆகாது. இடத்தை மாற்றி வை, இல்லையென்றால் மரச்சட்டம் அடித்து, புது மண் கொட்டி உயர்த்தி வை என்றார். அடுத்த வருடம் அப்படியே செய்தேன், கத்தரிக்காயைத் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

அன்றைக்கு அந்த ஆபீஸ் சுவரில்தான் முதன்முதலில் அந்த நான்கு இலை படத்தைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் நான்கு இலை, ஒவ்வொன்றிலும் எச் என்ற எழுத்து. தலை, இதயம், கை, உடல்நலம், ஆங்கிலத்தில் இந்த நான்குமே எச்சில் தொடங்கும், அதுதான் 4-எச். கிளப்புக்கு வரும் பிள்ளைகள் எழுந்து நின்று ஓர் உறுதிமொழி சொல்வார்கள். தெளிவாக யோசிக்கத் தலை, விசுவாசத்துக்கு இதயம், சேவைக்குக் கை, நல்ல வாழ்வுக்கு உடல்நலம், இவற்றை என் கிளப்புக்கும் என் சமூகத்துக்கும் என் நாட்டுக்கும் என் உலகத்துக்கும் தருகிறேன் என்று வரும். அந்த "என் உலகம்" 1973-இல்தான் சேர்ந்தது. வேறு நாட்டிலிருந்து வந்த எனக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிதாகப்பட்டது தெரியுமா.

சரி, இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் கதை எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1902 ஜனவரியில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில், கிளார்க் கவுண்டி கட்டடத்தின் அடித்தளத்தில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். மண்ணை எடுத்து வந்து லிட்மஸ் தாள் வைத்துப் பார், மக்காச்சோள விதையில் எது நன்றாக முளைக்கிறது என்று பார், காய்கறித் தோட்டம் போட்டு எழுதி வை, இவ்வளவுதான். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த புது முறைகளை விவசாயிகள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை, ஒரு வருட விளைச்சல் போனால் வீடே போய்விடும் அல்லவா. ஆனால் வீட்டுப் பையனுக்கு ஒரு மூலை நிலத்தைக் கொடுத்துச் செய்து பார் என்றால் அப்பாவுக்கு நஷ்டமில்லை. தெற்குக் கரோலினாவில் 1910-இல் ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் மக்காச்சோளம் எடுத்தான், புஷல் என்பது இங்கே தானியம் அளக்கிற கணக்கு. சுற்றுவட்டாரத்தில் பெரியவர்கள் எடுத்தது அதில் சின்னப் பங்குதான். மகன் வயலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அப்பாவுக்கு எந்தப் பேராசிரியரும் வந்து பேச வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு அதே வருடம், அதே மாநிலத்தில், எய்கன் பக்கத்தில் மேரி குரோமர் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியை தக்காளி கிளப் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். நடுவது, பறிப்பது, டப்பாவில் அடைப்பது, விற்பது எல்லாம் அந்தப் பெண்களே. விற்ற காசும் அவர்களுடையது. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணின் கையில் அவள் சம்பாதித்த காசு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம், நம் ஊரில் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்த அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. அதிலிருந்துதான் இது முறையான ஏற்பாடு ஆனது. மத்திய அரசு கொஞ்சம், மாநிலம் கொஞ்சம், கவுண்டி கொஞ்சம் என்று மூன்று கையும் சேர்ந்து பணம் போடும், மாநிலத்தின் பல்கலைக்கழகம் நடத்தும். எங்களுக்கு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம், இங்கே 88 கவுண்டியிலும் 4-எச் உண்டு. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 60 லட்சம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. தெற்கு மாநிலங்களில் இந்தப் பணமும் வசதியும் கறுப்பின மக்களுக்குச் சமமாகப் போகவில்லை. பல பத்தாண்டுகள் அவர்களின் கிளப் தனி, ஊழியர்கள் தனி, கிடைத்த நிதியும் குறைவு. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, 1906-இல், அலபாமாவில் டஸ்கீகி என்ற கறுப்பின மக்களின் கல்லூரியிலிருந்து தாமஸ் கேம்பல் என்பவர் ஜெசப் வேகன் என்ற குதிரை வண்டியில் கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் சாதனம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். அந்த வண்டியைத் திட்டமிட்டதில் அதே கல்லூரியின் வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்குப் பங்குண்டு. பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதவர்களிடம் பள்ளிக்கூடமே போனது. இந்த இயக்கத்தின் கதையைச் சொல்லும்போது அந்த வண்டியை முதல் வரியில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், நமக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைக்காதீர்கள். இங்குள்ள பல்கலைக்கழக மாதிரியைப் பார்த்துத்தான் நம் நாட்டில் வேளாண் பல்கலைக்கழகங்கள் வந்தன, பந்த்நகரில் 1960-இல் முதலாவது. விவசாயியிடமே போய்க் கற்றுக்கொடுக்கும் கிருஷி விஞ்ஞான் கேந்திரா 1974-இல் முதன்முதலில் தொடங்கியது நம் புதுச்சேரியில்தான்.

சரி, ஆட்டுக்கு வருகிறேன். போன வருடம் பாப்பா 4-எச் சேர்ந்தாள், அப்போது பத்து வயது. சமையல், தையல், ராக்கெட், ரோபோ, புகைப்படம் என்று எத்தனையோ இருக்கிறது, நிலமே இல்லாத பிள்ளையும் சேரலாம். இவள் ஆடுதான் வேண்டும் என்றாள். சிவகங்கைப் பக்கம் என் அப்பத்தா ஆடு வளர்த்த கதையைத் தூங்கும்போது கேட்டுக் கேட்டு வந்த ஆசை. ஏப்ரலில் காயடித்த கிடாக்குட்டி ஒன்று வாங்கினோம், 200 டாலர். காதில் அடையாள வில்லை, எடை எழுதல், அப்புறம் உணவுக்குப் போகும் பிராணியை எப்படி ஒழுங்காக வளர்ப்பது என்று ஒரு கட்டாய வகுப்பு. மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்துத்தான் இறைச்சிக்குப் போகலாம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறாள்.

ஜூனில் ஆடு சோர்ந்து நின்றது. அவள் என்னைக் கூப்பிடாமல் நேராகப் போய்க் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஐந்து நிறம் அச்சிட்ட ஓர் அட்டை உண்டு, தென்னாப்பிரிக்காவில் உருவானது, இமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் அட்டை இல்லாமலே என் அப்பத்தா அதே விரலால், அதே மாதிரி இமையை இழுத்துப் பார்ப்பார். மாட்டு டாக்டரிடம் கேட்டு மருந்து கொடுத்தோம், பிழைத்தது.

மக்களே, நான் இந்த வீடியோவில் சொல்ல வந்தது இதுதான். பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதெல்லாம் தப்பாகிப் போனாலும் ஒன்றும் ஆகாத வேலைகள். ஒர்க்‌ஷீட்டில் தப்புப் போட்டால் அழித்து எழுதலாம். தண்ணீர் வைக்க மறந்தால் ஆடு தாகத்தில் நிற்கும். அந்தப் பொறுப்பை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் நம்பிக் கொடுப்பது, ஆனால் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்பது, இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நான் கல்வி என்கிறேன். ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்ய முடியாது, எனக்கு யாரும் சொல்லித்தராமல் இருந்தால் அந்தக் கிடா செத்திருக்கும்.

கிளப் கூட்டம் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிள்ளைகள்தான் தலைவர், செயலாளர், பொருளாளர். ஒன்பது வயதுப் பையன் எழுந்து தீர்மானம் கொண்டுவருகிறான், இன்னொரு சிறுமி வழிமொழிகிறாள், கை தூக்கி ஓட்டெடுக்கிறார்கள், சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் பாப்பா பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். அவள் பெட்ஷீட் விரித்த மேசைக்கு முன்னால் நின்று, ஆட்டுத் தீவனத்தில் தானியம் அதிகமானால் கிடாவுக்கு ஏன் சிறுநீரில் கல் வரும் என்று பதினைந்து பேருக்கு விளக்கினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

ஜூலையில் கவுண்டி ஃபேர். ஒரு வாரத் திருவிழா, ராட்டினம், டிராக்டர் இழுப்பு எல்லாம் உண்டு, ஆனால் எனக்கு மாட்டுக்கொட்டகைதான் ஃபேர். ஆட்டின் தரத்துக்கு ஒரு போட்டி, ஆட்டைப் பிள்ளை எப்படி நடத்துகிறாள் என்பதற்குத் தனியாக இன்னொன்று. இரண்டாவதில் நடுவர் கேட்ட கேள்விக்கு இவள் சரியாகப் பதில் சொன்னாள், பரிசு வரவில்லை, ஆனால் நடுவர் முட்டி போட்டு உட்கார்ந்து எங்கே திருத்த வேண்டும் என்று அவளிடம் நேராகப் பேசினார். கடைசி நாள் ஏலம்.

ஏலத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆடு இறைச்சிக்குத்தான் போகிறது, முதல் நாளே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் லாரியில் ஏற்றும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளைக்கு இது தேவையா என்று நானே அன்று இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு இப்போதும் அந்த இடம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சாப்பிடுகிற பிள்ளையாக அவள் இல்லை, தட்டில் மிச்சம் வைப்பதில்லை. மறுவாரம் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். குட்டி 200, தீவனம் 165, மருந்தும் மற்றதும் 30, ஏலத்தில் வந்தது 640. மிச்சம் 245 என்று எழுதி அடிக்கோடு போட்டாள். வாங்கிய உள்ளூர் கடைக்காரருக்குக் கையால் நன்றிக் கடிதம் எழுதினாள், அதுவும் 4-எச் பழக்கம்.

இங்கே கிராமத்துக் கவுண்டிகளில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டராக, இன்ஜினியராக நிறைய பேர் இப்படி ஊர்களில் இருக்கிறீர்கள், வார இறுதி ஆனால் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் பெரிய நகரத்து வகுப்புகளுக்குப் போகிறீர்கள். போங்கள், தமிழ் வகுப்புக்கு நாங்களும் போகிறோம். ஆனால் உங்கள் கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் கதவையும் ஒரு தடவை தட்டுங்கள். முதல் கூட்டத்தில் எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது, எல்லோரும் தாத்தா காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். மூன்றாவது கூட்டத்தில் ஓர் அம்மா தன் ட்ரெய்லரில் எங்கள் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இன்னொன்று, இது தானாக நடப்பதில்லை. கவுண்டியின் பங்குப் பணம் சில இடங்களில் வரி பற்றி மக்கள் போடும் ஓட்டில் முடிவாகிறது, சில இடங்களில் கமிஷனர்கள் பட்ஜெட்டில் ஒதுக்குகிறார்கள். அது குறைந்தால் முதலில் போவது இந்த ஆபீஸ் ஆட்கள்தான். ஓட்டுரிமை இருப்பவர்கள் நவம்பர் ஓட்டுச்சீட்டைக் கடைசி வரைக்கும் படியுங்கள், அடியில்தான் இருக்கும். ஓட்டு இல்லாத என்னைப் போன்றவர்கள் நேரம் கொடுக்கலாம். பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி இரண்டும் முடித்து இந்த வருடம் நானும் தன்னார்வலர் ஆகிவிட்டேன். தையல் குழு என் பொறுப்பு, ஏழு பிள்ளைகள், அதில் இரண்டு பேர் பையன்கள், போன வாரம் ஒருவன் தன் அப்பாவின் கிழிந்த வேலைச் சட்டைக்கு ஒட்டுப் போட்டுக் கொண்டுவந்து காட்டினான்.

பாப்பா கூப்பிடுகிறாள், இந்த வருடத்து ஆட்டை நடக்கவிடும் நேரம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை கிளப் கூட்டம், நொறுக்குத்தீனி கொண்டுபோகிற முறை எங்களுடையது, கொண்டைக்கடலை ஊறப்போட வேண்டும். உங்கள் கவுண்டியில் என்ன நடக்கிறது என்று கீழே எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.